ரேடியேட்டர் தண்ணீரை ருசி பார்த்தவர்கள்

குற்றாலத் தண்ணீரில் மூலிகை இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வரும். மலை உச்சியில், மனிதக் கால் படாத இடத்தில் இருக்கலாம். கீழே வந்து சேர்கிற தண்ணீரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நல்லெண்ணெய், சீயக்காய், சோப்பு நுரை, யார் தலையிலிருந்தோ உதிர்ந்த முடி. ஆனி, ஆடி மாதங்களில் அருவிக்குக் கீழே ஓடுகிற வாய்க்காலில் கையை விட்டு எடுத்தால் புறங்கையில் ஒரு பிசுக்குப் படிந்திருக்கும். அதையும் உள்ளங்கையில் ஏந்தி, கண்ணை மூடி, தீர்த்தம் என்று குடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் தென்காசியில், குற்றாலம் போகிற ரோட்டில், எனக்கு ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. நாலு கம்பம், மேலே தகரம், காருக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க ஒரு குழி, அவ்வளவுதான். சாரல் அடித்தால் பாதி ஷெட் நனைந்துவிடும். வருகிற வண்டிகளில் முக்கால்வாசி அருவி சீசனுக்கு வருகிற வண்டிகள். வருஷம் முழுக்க நம்பி இருக்கும்படியாக வந்தது இலஞ்சி முதலாளியின் கார் ஒன்றுதான். அவருக்கு இலஞ்சியில் தென்னந்தோப்பும் வயலும், குற்றாலத்தில் ஒரு லாட்ஜும் இருந்தன. கார் வெள்ளை நிறம், பெட்ரோல் வண்டி. வாங்கிப் பத்து வருஷம் ஆகியும் மேலே ஒரு கீறல் கிடையாது. அந்தப் பெருமை அவருடைய டிரைவரைச் சேரும்.

டிரைவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். கீழப்பாவூர்க்காரர். அதிர்ந்து பேச மாட்டார். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொடுவார். என் ஷெட்டுக்கு வந்தால் சும்மா உட்கார மாட்டார். நான் கழற்றிப் போட்ட நட்டுகளை அளவு வாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டிருப்பார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார்.

அந்தக் காருக்கு ஒரு ஆசாரம் இருந்தது. ரேடியேட்டரில் அருவித் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் ஊற்றக் கூடாது. முதலாளியின் உத்தரவு. “மனுசன் குடலுக்கு எது நல்லதோ அதுதாம்டே இன்ஜினுக்கும் நல்லது. கெணத்துத் தண்ணி உப்பு. இரும்பைத் தின்னுரும்” என்பார். இதற்காக வாரம் ஒரு தடவை டிரைவர் இரண்டு தகர டின்களோடு பழைய குற்றாலம் வரைக்கும் போய், கூட்டம் சேருவதற்கு முன்னால் தண்ணீர் பிடித்து வருவார். இன்ஜினுக்கு மூலிகை வைத்தியம்! எனக்கு உள்ளூர சிரிப்பு வரும். ஆனால் முதலாளி எதிரில் ‘நீங்க சொல்லுறது சரிதான் முதலாளி’ என்று தலையாட்டுவேன். வண்டி கொண்டுவருகிறவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது எங்கள் தொழிலில் ஸ்பானர் பிடிப்பதற்கு முன்பே பழகிவிடுகிற விஷயம்.

அந்த வருஷம் சீசன் தொடங்கிய நேரத்தில், முதலாளி தன் மகளைக் கட்டிக்கொடுக்கப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டாரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போயிருக்கிறார். பாதி வழியில் ஹீட் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று டிரைவருக்குக் காட்டுகிற மீட்டர் அது. சிவப்பு என்றால் உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் இறுகி நின்றுவிடும். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த முதலாளிதான் முதலில் பார்த்திருக்கிறார். “நிறுத்து, நிறுத்து” என்று கத்தி, எல்லோரையும் இறக்கிவிட்டுவிட்டார். பட்டுச் சேலை கட்டிய சம்பந்தியம்மாள் சாரலில் ரோட்டோரம் நின்றாராம். கடைசியில் ஒரு லாட்ஜ் ஜீப்பில் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து போனார்களாம். முதலாளிக்கு மானம் போய்விட்டது.

மறுநாள் கார் ஷெட்டுக்கு வந்தது. டிரைவர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

“தம்பி, நான் பேனட்டைத் தூக்கி ரேடியேட்டர் மேல வெறுங்கைய வச்சுப் பாத்தேன். சூடு இருக்கு, ஆனா எப்பவும் இருக்குத சூடுதான். தண்ணி கொதிக்கவே இல்ல. ஆவி வரல. முள்ளு மட்டும் செவப்புல நிக்கி. நீ மீட்டரப் பாரு.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் என்ன சொல்ல முடியும்? நான் கேட்டேனா? “மீட்டர் பொய் சொல்லாதுண்ணே” என்றேன். கை வைத்துப் பார்த்த மனிதனைவிட, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஒரு முள் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. மெக்கானிக் என்று எனக்கு ஒரு மிதப்பு. டிரைவர் சொல்லி நான் வேலை பார்ப்பதா என்றும் இருந்தது. இதை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

முதலில் ஃபேன் பெல்ட்டை மாற்றினேன். பிறகு, தண்ணீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தேன். பிறகு வாட்டர் பம்ப். ஒவ்வொரு வேலை முடிந்ததும் முதலாளி இலஞ்சி வரை ஒரு நடை போய்விட்டு வருவார். முள் சில நாள் நடுவில் நிற்கும், நான் நெஞ்சை நிமிர்த்துவேன். அடுத்த நாள் மறுபடியும் சிவப்பு. கடைசியில் இன்ஜின் தலையையே இறக்கி, அதற்கு அடியில் நல்ல நிலையில் இருந்த கேஸ்கட் தகட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிது போட்டேன். ஒரு குறையும் இல்லாத சாமான்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தேன். தினமும் சாயங்காலம் முதலாளி வந்து நின்று, “என்னடே, என்ன கோளாறு?” என்று கேட்பார். எனக்கே தெரியாததை அவருக்கு எப்படிச் சொல்ல? “பாத்துக்கிட்டிருக்கேன் முதலாளி” என்பேன். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். இவனுக்குத் தொழில் தெரியாது என்று அவர் ஊரில் சொல்லிவிட்டால் என் பிழைப்புப் போய்விடும் என்று பயந்து செத்தேன்.

இரண்டு வாரம் ஆனபோது, ரேடியேட்டரைச் சோடா போட்டுக் கழுவலாம் என்று முடிவு செய்தேன். துணி வெளுக்கிற சோடாதான். அதை வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத் திறந்துவிட்டால் உள்ளே இருக்கிற துருவும் அழுக்கும் பெயர்ந்து வரும். பிறகு நல்ல தண்ணீரில் நாலு தடவை அலச வேண்டும். எல்லா ஷெட்டிலும் செய்கிற வேலை. நான் காருக்கு அடியில் ஒரு அலுமினியச் சட்டியை வைத்து, அந்தச் சோடாத் தண்ணீரைத் திறந்துவிட்ட நேரத்தில் முதலாளி வந்துவிட்டார். கூடவே அவருடைய கணக்குப்பிள்ளை. டிரைவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். சட்டியில் செம்மண் கரைத்த மாதிரி தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

“என்னடே இது, இவ்வளவு சேறு?”

“துரு முதலாளி.”

“அருவித் தண்ணி ஊத்துத இன்ஜின்ல துரு எப்படிடே வரும்?”

எந்த இன்ஜினிலும் வரும். பத்து வருஷம் ஓடிய இரும்பில் தேவாமிர்தத்தை ஊற்றினாலும் வரும். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் சட்டியை நேராக நகர்த்தி வைத்தேன். முதலாளி டிரைவரைத் திரும்பிப் பார்த்த விதத்தில், எனக்குத் தெரியாத கோளாறுக்கு அவரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. எனக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைத்தான் இத்தனை வருஷம் கழித்தும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

முதலாளி குனிந்தார். சட்டிக்குள் விரலை விட்டார். அந்தத் துருத் தண்ணீரை, கிரீஸ் மிதக்கிற தண்ணீரை, நாக்கில் வைத்தார். கண்ணை மூடிச் சப்புக் கொட்டினார். பிறகு காறித் துப்பினார்.

“கரிக்கிடே!”

கணக்குப்பிள்ளை சும்மா இருப்பாரா? அவரும் விரலை விட்டு நக்கினார். “சுத்த உப்பு முதலாளி” என்றார். எதிரே டீக்கடை வைத்திருந்தவர் என்ன கூட்டம் என்று பார்க்க வந்தார். அவரையும் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னார்கள். அவர் டீக்குப் பால் சரிபார்க்கிற மாதிரி ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, நக்கி, கொஞ்சம் யோசித்து, “இது தென்காசிக் கெணத்துத் தண்ணி இல்ல முதலாளி. கெழக்க உள்ளது. கீழப்பாவூர்ப் பக்கத்துத் தண்ணி இப்படித்தான் இருக்கும்” என்றார். டிரைவரின் ஊர் எது என்று அவருக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் சொன்னார். பெரிய மனிதர்கள் மூன்று பேர் ரேடியேட்டர் கழிவை நக்கிவிட்டு, உதட்டோரம் துருக் கறையோடு நீதி சொல்லிக்கொண்டு நின்றார்கள்.

“ஏலே” என்றார் முதலாளி. அதுவரை டிரைவரை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. “அருவிக்குப் போறேன்னு சொல்லிட்டு ஊர்ல போய்ப் படுத்துக் கெடந்துட்டு, கெணத்துத் தண்ணிய மோந்துட்டு வந்திருக்க. அப்படித்தான?”

“இல்ல முதலாளி. ஒரு வாரங்கூடத் தவறினதில்ல.”

“அப்ப நீயே நக்கிப் பாரு.”

டிரைவர் குனிந்து, சட்டியில் விரலை நனைத்து, நாக்கில் வைத்தார். துப்பவில்லை. விழுங்கினார். நிமிர்ந்து ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

“கரிக்கத்தான் செய்யிது முதலாளி” என்றார். “ஆனா நான் உப்புத் தண்ணி ஊத்தல.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லுடே. தொழில் தெரிஞ்சவன். இது உப்புத் தண்ணிதான?”

சோடாப் பொட்டலம் பாதி பிரித்தபடி என் காலடியில் கிடந்தது. யார் குனிந்தாலும் தெரியும். நான் அதைக் காலால் மெல்ல நகர்த்தி, பக்கத்தில் கிடந்த சாக்குக்குக் கீழே தள்ளினேன். “அப்படித்தான் தெரியுது முதலாளி” என்றேன்.

“சாவியக் குடு” என்றார் முதலாளி. டிரைவர் மடியிலிருந்து சாவியை எடுத்தார். தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தார். முதலாளி நீட்டிய கையில் கொடுக்கவில்லை. பேனட் மேல் வைத்தார். அப்படியும் உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குற்றாலம் ரோட்டில் நடந்து போனார்.

குற்றாலம் டாக்சி ஸ்டாண்டுக்கு அந்தக் கதை அவருக்கு முன்னால் போய்விட்டது. டீக்கடைக்காரர் கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் டீயோடு சேர்த்து அதைத்தான் ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். டிரைவருக்கு ‘உப்புத் தண்ணி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. பத்து வருஷம் ஒரே வீட்டில் வேலை பார்த்தவரை, எங்கே போய்க் கேட்டாலும் “பெறகு பாப்போம்” என்று அனுப்பிவிட்டார்கள். முதலாளியைத் திருட்டுத்தனமாக ஏமாற்றி இன்ஜினைக் கெடுத்தவன் கையில் யார் வண்டியைக் கொடுப்பார்கள்? செங்கோட்டை வரைக்கும் அலைந்தார் என்று கேள்விப்பட்டேன். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. யாராவது கேட்டால், “நல்ல மனுசந்தான், என்ன செய்ய” என்பேன். இப்படி ஒரு வாயை வைத்துக்கொண்டு அப்போது எப்படிச் சோறு தின்றேன் என்று தெரியவில்லை.

கார் பிறகும் சிவப்பையே காட்டியது. முதலாளி வேறு ஒரு டிரைவரை வைத்திருந்தார். “கெட்ட தண்ணி உள்ள ஊறிட்டு, வெளுக்க நாளாகும்” என்று அவரே எனக்குச் சமாதானமும் சொன்னார்.

புது டிரைவர் ஒருநாள் காரை ஷெட்டில் விட்டுவிட்டுப் போனார். அது அங்கேயே கிடந்தது. மறுநாள் காலை நான் வந்ததும் வேறு எதற்கோ சாவியைப் போட்டுத் திருப்பினேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை. சாரலில் நனைந்து இன்ஜின் சில்லென்று கிடந்தது. ஹீட் மீட்டரின் முள் மெதுவாக எழும்பியது. பாதி தாண்டியது. சிவப்பில் போய் நின்றது.

அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஓடாத இன்ஜின், கை வைத்தால் விறைக்கிற இன்ஜின், கொதிக்கிறது என்கிறது மீட்டர். அதுநாள்வரை அந்த வண்டி பெரும்பாலும் இலஞ்சியிலிருந்து சூடாக ஓடித்தான் என்னிடம் வந்திருக்கிறது. ஆறிக் கிடக்கிற இன்ஜினில் மீட்டர் என்ன காட்டுகிறது என்று ஒருநாள்கூட நான் பார்த்ததில்லை. எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

பேனட்டைத் தூக்கினேன். இன்ஜின் தலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பித்தளைத் துண்டு திருகியிருக்கும். யூனிட் என்போம். தண்ணீரின் சூட்டை உணர்ந்து, ஒரு ஒற்றை வயர் வழியாக மீட்டருக்குச் சொல்வது அதுதான். அந்த வயரைப் பிடுங்கினேன். உள்ளே போய்ப் பார்த்தால் முள் கீழே இறங்கியிருந்தது. வயரிலோ மீட்டரிலோ கோளாறு என்றால் இறங்காது. வயரை மாட்டினேன், ஏறியது. பிடுங்கினேன், இறங்கியது. யூனிட் உள்ளுக்குள் கெட்டுப்போய், சூடே இல்லாமல் சூடு, சூடு என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு ஸ்பானர்கூடத் தேவையில்லாத சோதனை. இதற்கு ஒரு இன்ஜினின் தலையை இறக்கி, ஒரு மனிதனையும் தெருவில் இறக்கிவிட்டிருந்தேன்.

திருநெல்வேலி போய்ப் புது யூனிட் வாங்கி வந்து மாட்டினேன். முள் நடுவில் போய் அடக்கமாக நின்றது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். நான், “முதலாளி, இன்ஜின் ஒருநாளும் சூடாகவே இல்ல. இந்த யூனிட்தான் தப்பாக் காட்டியிருக்கு. பழைய டிரைவர் மேல தப்பு…” என்று ஆரம்பித்தேன்.

“அது வேற, இது வேறடே” என்றார். “தண்ணி கரிச்சிதுல்லா? நானே எந்நாக்கால பாத்தேன்.”

அது சோடா என்று சொல்ல வேண்டிய இடம் அது. வாய் வரைக்கும் வந்தது. “ஆமா முதலாளி” என்றேன்.

ஆடி பிறந்து, ஒருநாள் மதியம் பஸ் ஏறிக் குற்றாலம் போனேன். டிரைவர் மெயின் அருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை பார்க்கிறார் என்று சொல்லியிருந்தார்கள். இடுப்பில் நாலு முழத் துண்டோடு, ஒரு தொந்திக்காரரைக் கல்லில் உட்காரவைத்து முதுகைப் பிசைந்துகொண்டிருந்தார். கல்லெல்லாம் எண்ணெய் வழிந்து வழுக்கியது. சிக்கெடுத்த முடி, காலி எண்ணெய் பாட்டில், மிதிபட்ட வாழைப்பழத் தோல். ஈரத் துணியும் எண்ணெயும் கலந்த வாடை மூக்கைத் துளைத்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறவில்லை.

“உக்காரு தம்பி. தலைக்கு மட்டுமா, ஒடம்புக்குமா?”

நான் பேசத்தான் போயிருந்தேன். ஆனால் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். தலையில் எண்ணெயை வைத்துத் தேய்த்தார். எண்ணெய் இமை வழியாக இறங்கியதால் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்வது எனக்கு வசதியாக இருந்தது.

“அண்ணே, அந்தக் காருக்கு ஒண்ணும் இல்ல. யூனிட்தான் போயிருந்துது. நீங்க சொன்னதுதான் சரி.”

கை தேய்த்துக்கொண்டே இருந்தது.

“அன்னைக்கிக் கரிச்சது உப்பு இல்லண்ணே. நான் போட்ட சோடா.”

“தெரியும்” என்றார்.

நான் கண்ணைத் திறந்தேன். எரிந்தது.

“எம் பொண்டாட்டி சோடா போட்டுத்தான் துணி வெளுக்கா. அந்தக் கரிப்பு எனக்குத் தெரியாதா தம்பி? நாக்குல பட்டதும் தெரிஞ்சிட்டு. நீ பொட்டலத்தக் காலால தள்ளுனதையும் பாத்தேன்.”

“பெறகு ஏண்ணே நீங்க சொல்லல?”

“நான் சொன்னா எவன் நம்புவான்? தப்பிக்கதுக்குப் பேசுதாம்பான். நீ சொல்லணும்னு நின்னேன். சாவிய வச்ச பெறகும் நின்னேன்.”

மன்னித்துக்கொள்ளச் சொல்லி ஏதோ உளறினேன். அவர் என் தலையை விட்டுவிட்டு, கையைத் துண்டில் துடைத்தார்.

“இங்கன வந்து எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லு. மொதல்ல இலஞ்சிக்குப் போ, முதலாளிகிட்டச் சொல்லு. பெறகு ஸ்டாண்டுல வந்து சொல்லு. நான் நாளைக்கே வண்டி ஓட்டப் போயிருவேன்.”

அதற்குள் அடுத்த ஆள் வந்து நின்றான். நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன். அருவிப் பக்கம் போகவில்லை. தலையும் கழுத்தும் எண்ணெயாக அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். இலஞ்சி வழியாகத் தென்காசி போகிற பஸ் ஒன்று நின்றது. ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார்.

தென்காசி என்றேன்.